ஊரை ஏட்டில் காத்த சமையற்கலைஞர்: எட்னா லூயிஸ் அம்மையார் (1916 - 2006)



பெரியோர் வரலாறு என்றதும் அரசியல் தலைவர்கள், அறிஞர்கள், அருளாளர்கள் ஆகியோரே எமது நினைவுக்கு வருவார்கள். இம்முறை அடுப்படியில் நின்றே பெயர் பெற்ற ஒருவரின் வரலாற்றை எழுத எண்ணினோம். அமெரிக்கத் தென்மாநிலங்களின் சமையலை உலகறியச் செய்த கறுப்பினப் பெண்மணி எட்னா லூயிஸ் அம்மையாரே அவர்.

அம்மையாரின் நூல்களில் இறைச்சி வகைகள், குறிப்பாகப் பன்றியிறைச்சி, நிறையவே உண்டு. சைவக் குடும்பங்கள் படிக்கும் மடலில் இவரைப் பற்றி எழுதுவானேன் என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். நாம் இங்கு தருவது சமையற் குறிப்பு அன்று. சிறு வயதில் ஊரை விட்டு வந்த ஒருவர், அந்த ஊர் இல்லாமற் போன பின்னரும் அதை எவ்வாறு காப்பாற்றினார் என்ற வரலாற்றையே எழுதுகின்றோம். நாமும் ஊரை விட்டு வந்தவர்கள். ஆகையால் இது எமக்கு அந்நியமான கதை அன்று.

விடுதலை பெற்றவர்களின் ஊர்

அம்மையார் 1916 ஏப்ரல் 13ஆம் நாள் வேர்ஜீனியா மாநிலத்தின் ஓரேஞ்ச் மாவட்டத்தில் ஃப்ரீடவுன் என்னும் சிற்றூரில் பிறந்தார். பக்கத்து ஊரின் பெயர் லாகூர் என்பது நம்மவர்களுக்கு வியப்பாக இருக்கும். ஃப்ரீடவுன் என்றால் விடுதலை ஊர் என்று பொருள். அமெரிக்காவில் அடிமை முறை 1865ஆம் ஆண்டில் அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் ஒழிக்கப்பட்டது. அதன்பின் விடுதலை பெற்ற குடும்பங்கள் சில சேர்ந்து அமைத்த குடியிருப்பே ஃப்ரீடவுன். தாம் சுதந்திர மனிதர்கள் என்பதை ஊரின் பெயரே சொல்ல வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள்.

அம்மையாரின் பாட்டனார் செஸ்ரர் லூயிஸ் அந்த ஊரை நிறுவியவர்களுள் ஒருவர். அவருடைய வீடு நடுவில் இருக்க, மற்றவர்களின் வீடுகள் அதைச் சுற்றி வட்டமாக அமைந்தன. தாம் அடிமையாக இருந்தபோதும் தமது சந்ததி படிக்க வேண்டும் என்று எண்ணிய அவர், ஊரின் முதற் பள்ளிக்கூடத்தைத் தமது வீட்டிலேயே நடத்த இடம் கொடுத்தார்.

அம்மையாரின் பாட்டியார் அடிமைக் காலத்தில் செங்கல் வேலை செய்தவர். ஒரு பண்ணை முதலாளி அவரை 950 டொலருக்கு வாங்கியிருந்தார். அந்நாட்களில் பண்ணைக் கணக்கேடுகளில் மாடு, குதிரை, கலப்பை ஆகியவற்றோடு அடிமைகளின் பெயர்களும் சொத்தாகப் பதியப்பட்டன. கணக்கு எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட எமக்கு, ஒரு மனிதப் பிறவிக்கு நேரே ஒரு தொகையைப் படித்தபோது சற்று நேரம் மேலே வாசிக்க முடியவில்லை.

அந்தப் பாட்டியாரின் பேத்திதான் பிற்காலத்தில் அமெரிக்க அரசின் தபால் முத்திரையில் இடம் பெற்றார்.

பருவம் பார்த்துச் சமைத்தவர்கள்

ஃப்ரீடவுன் மக்கள் விவசாயிகள். தமக்கு வேண்டிய உணவில் பெரும்பகுதியைத் தாமே விளைவித்தார்கள். எட்டுப் பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் வளர்ந்த எட்னா, தாயாரிடமும் ஊர்ப் பெண்களிடமும் சமையலைப் பார்த்தே கற்றுக்கொண்டார். விறகு அடுப்பு. வெப்பத்தை அளக்கக் கருவி கிடையாது. அளவுக் கரண்டிகளும் இல்லை. அப்பச் சோடா போன்றவற்றை நாணயத்தின் மேல் வைத்து அளந்தார்கள். சில பண்டங்களுக்குச் சிறிய நாணயம், சிலவற்றுக்குப் பெரிய நாணயம். நாணயத்தின் மேல் எவ்வளவு நிற்கின்றதோ அதுவே அளவு.

கேக் வெந்துவிட்டதா என்று அறிவதற்கு அவர்கள் காதைப் பயன்படுத்தினார்கள். வேகும் கேக்கினுள் குமிழ்கள் உடையும் மெல்லிய ஓசை கேட்கும். அந்த ஓசை அடங்கி வரும்போது இறக்கிவிட வேண்டும். அம்மையார் பெரிய உணவகங்களில் பணியாற்றிய காலத்திலும், கேக்கின் அருகே காதை வைத்துக் கேட்கும் இந்த வழக்கத்தை விடவில்லை.

இளவேனிலில் ஆற்றில் ஏறிவரும் ஷாட் மீனும் காட்டுக் கீரைகளும் உணவாயின. கோடையில் கோதுமை அறுவடை நடந்தது. அறுவடைக்கு உதவ வரும் அயலவர்களுக்கெல்லாம் பெரும் பந்தி வைத்தார்கள். ஓகஸ்ட் மாதத்தில் ஊர்த் தேவாலயத்தில் பெரிய கூட்டு வழிபாடு நடைபெறும். நகரங்களுக்குச் சென்ற உறவினர்கள் அதற்கென்றே ஊர் திரும்புவார்கள். மார்கழிக் குளிரில் பன்றியிறைச்சியை உப்பிட்டுப் புகையூட்டி ஆண்டு முழுவதற்கும் சேமித்தார்கள்.

அமெரிக்கர் அனைவரும் நவம்பரில் கொண்டாடும் நன்றியறிதல் நாளை ஃப்ரீடவுன் மக்கள் கொண்டாடவில்லை. அதற்குப் பதிலாக விடுதலை நாளையே அவர்கள் கொண்டாடினார்கள். அடிமைத்தளையில் கிடந்த பெரியவர்கள் அப்போதும் உயிரோடு இருந்தார்கள். விருந்து முடிந்த பின்னர் அவர்கள் சொன்ன கதைகளையும் கேட்டே சிறுமி எட்னா வளர்ந்தார்.

பதினாறு வயதில் வெளியேற்றம்

எட்னாவுக்கு 12 வயதானபோது தந்தையார் காலமானார். நாட்டில் பொருளாதார மந்தம் தொடங்கியது. 16 வயதில் அவர் ஊரை விட்டுப் புறப்பட்டு, முதலில் வாஷிங்டனுக்கும் பின்னர் நியூயோர்க்குக்கும் சென்றார். ஏறத்தாழ 1910 முதல் 1970 வரையில் சுமார் 60 இலட்சம் கறுப்பின மக்கள் தென்மாநிலங்களை விட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குச் சென்றார்கள். வறுமையும் இனவெறி வன்முறையுமே அவர்களைத் துரத்தின. ஒரே நாட்டுக்குள் நடந்தாலும் அதுவும் ஒரு புலப்பெயர்வே.

நியூயோர்க்கில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை புரூக்ளின் பகுதியில் உள்ள ஒரு சலவைக் கடையில் துணிகளுக்கு இஸ்திரி போடும் வேலை. அவருக்கு அந்த வேலை பழக்கமில்லை. மூன்று மணி நேரத்திலேயே வேலை போய்விட்டது. புதிய நாட்டில் முதல் வேலையை இழந்த அனுபவம் எமது குடும்பங்களில் பலருக்கு உண்டு. ஆகையால் இதை விவரிக்கத் தேவையில்லை.

ஆனால் அவருக்குத் தையல் நன்றாக வந்தது. பாரிஸ் நகரின் புகழ்பெற்ற கிறிஸ்ரியன் டியோரின் உடைகளைப் பார்த்து அதே போலத் தைத்துக் கொடுக்கும் அளவுக்கு அவருடைய கை தேர்ந்திருந்தது. நடிகை மரிலின் மன்றோவுக்கும் அவர் உடை தைத்ததுண்டு. இடதுசாரிகளின் டெய்லி வேர்க்கர் பத்திரிகையிலும் சில காலம் பணி செய்தார். கப்பற் பணியிலிருந்த ஸ்ரீவ் கிங்ஸ்ரன் என்பவரை மணந்தார். ஆபிரிக்கத் துணி வகைகளில் தாமே தைத்த உடைகளும், பின்னாற் கொண்டையிட்ட நரைத்த கூந்தலும் பிற்காலத்தில் அவருடைய அடையாளமாயின.

கஃபே நிக்கல்சன்

1940களின் இறுதியில் ஜோன் நிக்கல்சன் என்ற பழம்பொருள் வணிகர் மன்ஹற்றனில் ஒரு சிறிய உணவகத்தைத் தொடங்கினார். நண்பரான எட்னாவின் கைப்பக்குவத்தை அறிந்து அவரையே சமையலுக்குப் பொறுப்பாக்கிப் பங்காளியாகவும் சேர்த்துக்கொண்டார். நியூயோர்க்கில் ஒரு பெண், அதிலும் கறுப்பினப் பெண், பெயர்பெற்ற உணவகமொன்றின் தலைமைச் சமையற்காரராக இருப்பது அக்காலத்தில் மிக அரிது. சமையற் கல்லூரி எதிலும் அவர் படித்ததில்லை.

உணவுப் பட்டியல் மிகச் சிறியது. கோழி, மீன், சலாது, சொக்லேற் சூஃப்லே. சூஃப்லே என்பது முட்டையின் வெண்கருவை நுரைக்க அடித்துச் செய்யும் பிரெஞ்சுப் பண்டம். சற்றுத் தாமதித்தாலும் அமுங்கிவிடும். அம்மையாரின் சூஃப்லே நகரெங்கும் பேசப்பட்டது. ரெனிசி வில்லியம்ஸ், ட்ரூமன் கபோட்டி, மார்லன் பிராண்டோ, கிரேற்றா கார்போ, எலினோர் ரூஸ்வெல்ற் போன்றவர்கள் அங்கு உணவருந்தினார்கள்.

1949ஆம் ஆண்டில் கார்ல் பிசிங்கர் என்ற புகைப்படக் கலைஞர் அந்த உணவகத்தின் முற்றத்தில் எடுத்த படம் ஒன்று பிரபலமானது. மேசையைச் சுற்றி ரெனிசி வில்லியம்ஸ், கோர் விடால் முதலிய எழுத்தாளர்களும் கலைஞர்களும் அமர்ந்திருக்கின்றார்கள். பரிமாறும் கறுப்பினப் பெண்மணி ஒருவர் பின்னே நிற்கின்றார். சமைத்தவர் படத்தில் இல்லை. தென்மாநிலச் சமையலின் முழு வரலாறும் ஏறத்தாழ இப்படித்தான் இருந்தது. பெரிய வீடுகளின் அடுக்களைகளில் அதை உருவாக்கியவர்கள் கறுப்பினப் பெண்கள். விருந்தின் புகழும் நூல்களில் அச்சான பெயர்களும் பெரும்பாலும் எசமானிகளுக்கே சென்றன.

நட்டக் கணக்கு

1950களின் நடுப்பகுதியில் அம்மையார் உணவகத்தை விட்டு விலகினார். அடுத்து வந்த ஆண்டுகள் எளிதானவை அல்ல. கணவருடன் நியூஜேர்சியில் ஃபெசன்ற் என்னும் காட்டுக்கோழியினப் பறவைகளை வளர்க்கும் பண்ணை நடத்தினார். நோய் வந்து பறவைகள் மடிந்தன. ஹார்லெம் பகுதியில் சொந்தமாக ஓர் உணவகம் திறந்தார். அது ஓராண்டு கூட நிலைக்கவில்லை. விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுத்தார், சமையல் வகுப்புகள் நடத்தினார். பிற்பாடு நியூயோர்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஆபிரிக்க மக்கள் பற்றிய கூடத்தில் பார்வையாளர்களுக்கு விளக்கம் அளிக்கும் பணியையும் ஏற்றார்.

கணக்காளர் பார்வையில் இந்த ஆண்டுகளைத் தொகுத்தால் ஏடு முழுவதும் நட்டமே காணப்படும். ஆனால் எந்த ஐந்தொகையிலும் வராத ஒரு சொத்து அவரிடம் இருந்தது. ஃப்ரீடவுனின் ஒவ்வொரு பருவமும், ஒவ்வொரு பந்தியும், ஒவ்வொரு வீட்டின் கைப்பக்குவமும் அவருடைய நினைவில் அப்படியே இருந்தன.

முறிந்த காலும் எழுதிய நூலும்

அம்மையார் விழுந்து காலை முறித்துக்கொண்டதால் சமையற் பணியைச் சில காலம் நிறுத்த வேண்டி வந்தது. அக்காலப்பகுதியில் நூல் எழுதும் முயற்சி தொடங்கியது. எவாஞ்சலின் பீற்றர்சன் என்பவருடன் சேர்ந்து எழுதிய முதல் நூல் 1972இல் வெளிவந்தது. அது அக்காலத்து நாகரிக விருந்துகளுக்கு ஏற்ற பொதுவான சமையல் நூல்.

பின்னர் கினோஃப் பதிப்பகத்தின் பதிப்பாசிரியர் ஜூடித் ஜோன்ஸ் அம்மையாரைச் சந்தித்தார். இந்த ஜூடித் ஜோன்ஸ் சாதாரணமானவர் அல்லர். பாரிசில் பணி செய்தபோது, ஒதுக்கி வைத்திருந்த நூல்களிலிருந்து ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைக் கண்டெடுத்து அமெரிக்காவில் வெளிவரச் செய்தவர். ஜூலியா சைல்ட் அம்மையாரின் பிரெஞ்சுச் சமையல் நூலைப் பதிப்பித்தவரும் இவரே. பேச்சுவாக்கில் எட்னா தமது ஊரைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும், எழுதப்பட வேண்டிய நூல் இதுதான் என்று அவர் கண்டுகொண்டார். வேறு ஒருவரின் உதவியின்றி, பேசுவது போலவே நீங்களே எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அம்மையார் கையால் எழுதத் தொடங்கினார்.

1976ஆம் ஆண்டில் த ரேஸ்ற் ஒஃப் கன்றி குக்கிங் என்னும் நூல் வெளிவந்தது. நாட்டுப்புறச் சமையலின் சுவை என்று அதைத் தமிழில் சொல்லலாம். வழமையான சமையல் நூல்கள் கஞ்சி வகை, இறைச்சி வகை, இனிப்பு வகை என்று பிரிக்கப்பட்டிருக்கும். இந்த நூல் இளவேனில், கோடை, இலையுதிர்காலம், மாரி என்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டது. கோதுமை அறுவடை விருந்து, ஓகஸ்ட் வழிபாட்டு ஞாயிறு விருந்து, விடுதலை நாள் விருந்து என ஊரின் ஆண்டு முழுவதும் அதில் அடங்கியது. செய்முறைகளுக்கு இடையே மனிதர்கள் வருகின்றார்கள். ஓடையின் குளிர்நீரில் பாலையும் வெண்ணெயையும் வைத்துக் காத்த விதம் வருகின்றது.

அந்த நாட்களில் தென்மாநிலச் சமையல் என்றால் எண்ணெயில் மூழ்கிய பொரியல் என்றே வெளியார் எண்ணியிருந்தார்கள். புதிதாகப் பறித்ததைப் புதிதாகச் சமைத்து, ஒவ்வொன்றையும் அதனதன் பருவத்தில் உண்ணும் நுட்பமான கலை அது என்பதை இந்த நூல் நிறுவியது. கலிபோர்னியாவில் 1971இல் உணவகம் தொடங்கி, பருவ உணவு என்ற கருத்தைப் பரப்பிய அலிஸ் வோட்டர்ஸ், இந்த நூலின் 30ஆவது ஆண்டுப் பதிப்புக்கு முன்னுரை வழங்கினார். அவர் போன்றவர்கள் புதுமையாகக் கண்ட முறை ஃப்ரீடவுனின் அன்றாட வாழ்க்கையாக இருந்தது.

முதுமையில் வந்த பெருமை

நூல் புகழ் பெற்றபோது அம்மையாருக்கு வயது 60. பொருள் வசதி அப்போதும் பெரிதாக வரவில்லை. ஆகையால் தொடர்ந்து உழைத்தார். வட கரோலினாவில் ஃபியரிங்ரன் ஹவுஸ், தென் கரோலினாவில் மிடில்ரன் பிளேஸ் ஆகிய இடங்களில் சமையலை நடத்தினார். மிடில்ரன் பிளேஸ் முன்னர் அடிமைகள் உழைத்த நெற்பண்ணையாக இருந்த இடம் என்பது குறிப்பிடத்தக்கது. 1988இல் இன் பர்சூற் ஒஃப் ஃபிளேவர் என்ற நூல் வெளிவந்தது. அதே காலப்பகுதியில், 70 வயதைக் கடந்த பின்னர், புரூக்ளினில் 1879 முதல் இயங்கிய கேஜ் அன்ட் ரொல்னர் உணவகத்தின் தலைமைச் சமையற்காரராகப் பொறுப்பேற்றார். சலவைக் கடை மூன்று மணி நேரத்தில் திருப்பி அனுப்பிய அதே புரூக்ளினுக்கு, சுமார் 55 ஆண்டுகளின் பின் இப்படித் திரும்பி வந்தார்.

அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த ஸ்கொற் பீகொக் என்ற வெள்ளையின இளைஞர் அவருக்கு மாணவரும் நண்பருமானார். இருவரும் சேர்ந்து தென்மாநில உணவு மரபைப் பேணுவதற்கென ஒரு சங்கத்தை ஏற்படுத்தினார்கள். 2003இல் த கிஃப்ற் ஒஃப் சதர்ன் குக்கிங் என்ற நூலையும் இணைந்து எழுதினார்கள். அம்மையாரின் இறுதிக் காலத்தில் அருகிலிருந்து பராமரித்தவரும் அவரே. பாட்டியாரை விலைக்கு வாங்கிய நாட்டில், பேத்தியின் முதுமையை ஒரு வெள்ளையின இளைஞர் மகனைப் போலப் பார்த்துக்கொண்டார். அம்மையாரும் எரித்திரியா நாட்டிலிருந்து வந்த ஓர் இளைஞரைத் தமது பிள்ளையாகத் தத்தெடுத்திருந்தார். அகதிகள் பலரைத் தந்த நாடு எரித்திரியா என்பதை நாம் அறிவோம்.

1995இல் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை அவருக்கு வாழும் சாதனையாளர் விருதை வழங்கியது. அந்த விருதைப் பெற்ற முதலாமவர் அவரே. 2006 பெப்ரவரி 13ஆம் நாள் ஜோர்ஜியா மாநிலத்தின் டெகேற்றர் நகரில், தமது 89ஆவது வயதில் அம்மையார் காலமானார். 2014இல் அமெரிக்கத் தபால் சேவை ஐந்து சமையற்கலைஞர்களின் உருவம் பொறித்த முத்திரைகளை வெளியிட்டபோது அவருடைய படமும் அவற்றுள் இடம் பெற்றது. 2017இல் ஒரு தொலைக்காட்சிச் சமையற் போட்டியில் அவரைப் பற்றிய நிகழ்ச்சி ஒளிபரப்பானதும், 41 ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த நூலைத் தேடி இளைய தலைமுறையினர் வாங்கினார்கள்.

எமது கணக்கு

ஃப்ரீடவுன் என்ற குடியிருப்பு இன்று இல்லை. மக்கள் ஒவ்வொருவராக நகரங்களுக்குச் சென்றார்கள். வட்டமாக இருந்த வீடுகள் அழிந்தன. ஆனால் அங்கு கோதுமை அறுவடை நாளில் மேசையில் என்னென்ன இருந்தன என்பதை இன்றும் எவரும் அறியலாம். ஒருவர் எழுதி வைத்ததால் அது நடந்தது. அவர் பட்டம் பெற்ற எழுத்தாளர் அல்லர். தாம் பார்த்ததை, செய்ததை, உண்டதை ஒழுங்காக எழுதினார். அவ்வளவுதான்.

இந்த வரலாற்றை எழுத எம்மைத் தூண்டிய காரணத்தையும் சொல்லிவிடுகின்றோம். ஊரில் ஆவணி மாதங்களில் பனம்பழம் விழும் காலத்தில் எமது தாயார் பனங்காய்ப் பணியாரம் சுடுவார். பழத்தைப் பிசைந்து களி எடுப்பது, அதைக் காய்ச்சி இறக்கும் பதம், மாவும் சீனியும் சேர்க்கும் அளவு எல்லாம் அவருடைய கைக்கே தெரியும். நாம் இந்த நாட்டுக்கு வந்த பின்னர் தொலைபேசியில் ஒரு முறை அளவு கேட்டோம். களியைப் பார்த்து மாவைப் போட வேண்டும், பிசையும்போது கைக்குத் தெரியும் என்றார். எத்தனை சுண்டு என்று மீண்டும் கேட்டோம். அவருக்குச் சிரிப்பு வந்தது. அளவு இல்லாத குறிப்பு எதற்கு என்று நாமும் எழுதி வைக்கவில்லை. ஆயிரக்கணக்கான ரசீதுகளைச் சதம் பிசகாமல் பதிந்த எமக்கு, அந்த ஒரு பக்கத்தைப் பதிய நேரம் கிடைக்கவில்லை. தாயார் இப்போது இல்லை.

ஃப்ரீடவுன் பெண்களும் அப்படித்தான், நாணயத்தின் மேல் வைத்தும் காதால் கேட்டும் அளந்தவர்கள். எட்னா அம்மையார் அதை அளவில்லாத குறிப்பு என்று தள்ளிவிடவில்லை. நாணயத்தையும் காதையும் அப்படியே எழுதினார். கைக்குத் தெரியும் என்று தாயார் சொன்னதும் ஓர் அளவுதான் என்பது எமக்குக் காலம் கடந்தே விளங்கியது.

எமது குடும்பங்களில் அப்பம்மாவும் அம்மம்மாவும் இன்னும் இருக்கும் வீடுகள் பல உண்டு. இந்த வார இறுதியில் பிள்ளைகளை அவர்களுக்கு அருகில் ஒரு கொப்பியுடன் இருத்துங்கள். எந்த மொழியில் எழுத வருமோ அந்த மொழியில் எழுதட்டும். எந்த மாதத்தில் எதைச் சமைத்தார்கள், யார் யார் பந்திக்கு வந்தார்கள் என்பதையும் கேட்டு எழுதட்டும். அளவு கேட்டு அவர்கள் சிரித்தால், சிரித்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதட்டும்.